ஈர மரம் ஏறுவது எப்படி? குமரி மாவட்டத்தில் மழைக்காலத் தென்னையேற்றத்துக்கு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. ஆண்டில் பாதி மாதங்கள் மரம் நனைந்துதான் நிற்கும். ஆனால் 45 முதல் 60 நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டிய தென்னை, மழை விடட்டும் என்று காத்திருக்காது. முற்றிய காய் தானாக விழத் தொடங்கிவிடும். 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வீட்டு முற்றத்திலும் பாதையோரத்திலும் தென்னை நிற்கும் நம் ஊரில் அதை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. ஆகவே மழைக்காலத்திலும் ஏறத்தான் வேண்டும்.

உலர்ந்த மரத்தில் கருவியால் ஏறக் கற்றுக்கொண்டு, முதல் மழைக்காலத்தைச் சந்திக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதுவரை ஒரு மரம்கூட ஏறாதவர்கள் முதலில் பயிற்சிக்குப் போங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் நடத்திவரும் 'தென்னையின் நண்பர்கள்' பயிற்சி ஆறு நாள்தான். மாசி, பங்குனியில் உலர்ந்த மரத்தில் கை பழகிய பிறகு ஆடியில் ஈர மரத்துக்கு வாருங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

புதியவர்கள் தடுமாறுவதைப் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்று உண்டு. ஈர மரத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை உயரத்தில் தொடங்குவதில்லை. தரையில் நிற்கும்போது செய்யாமல் விட்ட ஏதோ ஒன்றுதான் மேலே போனபின் விபத்தாகிறது. அதனால் இந்த வழிகாட்டியிலும் பாதிக்குமேல் தரையில் செய்ய வேண்டிய வேலைகளே.

1. முந்தின நாளே எடுத்துவைக்க வேண்டியவை

ஏறும் கருவி (காலுக்கு ஒன்றாக மேல், கீழ் என இரண்டு; ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றும் கம்பி வளையமும் கால் வைக்கும் மிதியும் இருக்கும்), மரத்தைச் சுற்றிப் போடும் கயிற்றோடு கூடிய முழு உடல் பெல்ட், வெட்டுக்கத்தி, கத்தியை இடுப்போடு கட்டும் சரடு, தேங்காய் நார்த் தூரிகை, உலர்ந்த சாக்கு இரண்டு, தலைக்கவசம், விசில். இவை எப்போதும் வேண்டியவை.

மழைக்காலத்துக்கென்று மேலும் மூன்று. மாற்றிக்கொள்ள ஒரு பனியனும் சட்டையும், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தது. கை துடைக்கும் உலர்ந்த துணி, அதையும் தனிப் பையில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைக்க வேண்டும். பிளாஸ்கில் சூடான சுக்குக்காப்பி. மூன்றாவதை யாரும் கருவியாக நினைப்பதில்லை. ஏன் வேண்டும் என்பதைக் குளிரைப் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டாம். விழுந்து தொங்கினால் உடலின் முழு எடையும் வயிற்றிலும் விலாவிலும் இறங்கும், தலைகீழாகக் கவிழவும் கூடும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்தான் எடையைப் பிரித்துத் தாங்கும்.

கைலி கட்டிக்கொண்டு ஏற வேண்டாம். நனைந்த கைலி தொடையில் ஒட்டிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. தொளதொளவென்ற மழைக்கோட்டும் அப்படித்தான். கருவியின் கொக்கியில் மாட்டும், காற்றில் விரியும். உடம்போடு ஒட்டிய கால்சட்டை, முழுக்கைச் சட்டை, அதன்மேல் இறுக்கமான மெல்லிய மழைமேலாடை போதும்.

2. வானத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள்

இரண்டு மழையும் ஒரே மாதிரி பெய்வதில்லை. ஆனி, ஆடியில் சாரல் விட்டு விட்டு நாள் முழுவதும் வரும், கூடவே காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தோவாளைப் பக்கம் இந்த மாதங்களில் வேலை செய்பவருக்கு மழையைவிடக் காற்றே பெரிய பகை. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு. காலை வெளிறிக் கிடக்கும், பிற்பகலில் கருத்து இடியோடு கொட்டும்.

அதனால் ஐப்பசியில் மதியத்துக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். ஆனால் விடியற்காலையிலும் தொடங்க வேண்டாம். இரவு மழையும் பனியும் சேர்ந்து மரம் மிக வழுக்கலாக இருப்பது அப்போதுதான். வெயிலோ காற்றோ ஒரு மணி நேரமாவது மரத்தின் மேல் படட்டும்.

மின்னலுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை வினாடிகளை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள்; ஏறாதீர்கள், ஏறியிருந்தால் இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே மறுபடியும் மரத்தைத் தொடலாம். தோப்பில் எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்பது தென்னை. அதன் உச்சியில் இரும்புக் கருவியோடு நிற்கிறீர்கள்.

காற்றுக்கு, ஓலையைப் பாருங்கள். ஓலைகள் தனித்தனியாக ஆடினால் வேலை செய்யலாம். மண்டை, அதாவது ஓலைகள் விரியும் உச்சி, முழுவதும் ஒரே பக்கம் மடிந்து, திரும்பி வருவதற்குள் அடுத்த வீச்சு வந்தால் அன்றைக்கு அந்த மரம் வேண்டாம்.

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர்கள் வற்புறுத்துவார்கள். "ஒரு மரம்தானே தம்பி, ஏறிவிட்டுப் போயேன்" என்பார்கள். பாதையோரக் காய் யார் தலையிலாவது விழுமோ என்ற அவர்களுடைய பயமும் நியாயமானதே. "நாளைக் காலையில் முதல் வேலையாக வந்துவிடுகிறேன் அக்கா, அதுவரை அந்தப் பக்கம் யாரையும் நடக்கவிடாதீர்கள்" என்று சொல்லி, மரத்தடியில் ஒரு கயிறு கட்டிவிட்டு வாருங்கள். சொன்னபடி மறுநாள் போய்விட்டால் அடுத்த முறை யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

3. மரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள்

கருவியைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு சுற்றி வர வேண்டும். கருவி மாட்டிய பிறகு கண் மேலே போய்விடும், அடி மரத்தை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் வேர்ப்பக்கம். ஒரு வாரம் விடாமல் பெய்தால் மண் கூழாகிவிடும். சாய்ந்த மரமென்றால் சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண்ணில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு இருந்தால் வேர் தூக்கத் தொடங்கிவிட்டது. அந்த மரத்தில் ஏறக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் சாய்ந்து, பிறகு அப்படியே வளைந்து நிமிர்ந்த தென்னைகள் இன்றும் பல விளைகளில், அதாவது தோப்புகளில், நிற்கின்றன. அவற்றை ஒவ்வொரு மழைக்காலத்திலும் புதிய மரம்போல் சோதியுங்கள். சென்ற ஆண்டு தாங்கியது என்பது இந்த ஆண்டுக்கு உறுதி ஆகாது.

அடுத்து தண்டு. வெட்டுக்கத்தியின் முதுகால் இடுப்பு உயரத்திலும் தலை உயரத்திலும் தட்டுங்கள். நல்ல தண்டு கட்டியான ஒலி தரும், உளுத்தது டொக்கென்று கேட்கும். தண்டில் ஓட்டை இருந்து அதிலிருந்து பழுப்பு நிறச் சாறு வடிந்தாலோ, மென்று துப்பியதுபோல் நார் தள்ளியிருந்தாலோ சிவப்புக் கூன்வண்டு உள்ளே இருக்கிறது. காதை வைத்தால் புழு கடிக்கும் ஓசைகூடக் கேட்கும். அப்படிப்பட்ட மரம் வெளியே பச்சையாக நின்றாலும் மண்டையோடு முறியக்கூடும்.

பிறகு மண்டை. கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கி நாலு பக்கமும் பாருங்கள். கடந்தை எனும் பெரிய குளவியின் கூடு, முறிந்து தொங்கும் மட்டை, காய்ந்து இறங்கிய நடுக்குருத்து ஆகிய மூன்றையும் தேடுங்கள். கடந்தைக் கூடு இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். உயரத்தில் பூச்சி கொட்டினால் கை தானாக விடும், அதை மன உறுதியால் தடுக்க முடியாது. முசுறு எறும்புகூட ஆளை நிலைகுலையச் செய்யும்.

கடைசியாக, உள்ளங்கையை மார்பு உயரத்தில் மரத்தில் அழுத்தி ஒரு சாண் கீழே இழுத்துப் பாருங்கள். கை வெறும் ஈரமாக வந்தால் சாக்கால் துடைத்து ஏறலாம். கையில் பச்சையாக, கொழகொழவென்று பாசி ஒட்டினால் தூரிகை வேண்டும். இழுக்கும்போது கை தடையே இல்லாமல் வழுக்கிப் போனால் அந்தப் பக்கத்தில் ஏற வேண்டாம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் நிழலில் நிற்கும் தென்னைகளில் ஒரு பக்கம் முழுக்கப் பாசியாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

சாய்ந்த மரத்தில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. மழை விழுவது சாய்வின் மேல்பக்கத்தில், அதனால் அங்கே பாசி அதிகம். அடிப்பக்கம் உலர்ந்திருக்கும். உலர்ந்த பக்கம் நல்லது என்று அடிப்பக்கமாக ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே உடம்பு மரத்திலிருந்து தொங்குகிறது. முழு எடையையும் கையே தாங்க வேண்டும், கால் மிதியை விட்டு நழுவுகிறது. எவ்வளவு பாசி இருந்தாலும் சாய்வின் மேல்பக்கம்தான் ஏற வேண்டிய பக்கம். பாசியைத் தூரிகையால் தேய்த்து எடுத்துக்கொண்டே போங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அந்த மரத்துக்கு அன்று நேரமில்லை.

பிடிமானத்துக்காகத் தண்டில் கொத்திப் படி வெட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி அழுகும், அந்த அழுகல் வண்டை வரவழைக்கும். நீங்கள் வெட்டும் படியே சில ஆண்டுகளில் மரத்தை ஏற முடியாததாக்கிவிடும்.

4. மின்கம்பி

ஓலை கம்பியைத் தொட்டாலோ, காற்றில் ஆடினால் தொடும் தூரத்தில் இருந்தாலோ ஏறாதீர்கள். ஈர ஓலை மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரியத்துக்குச் சொல்லி, அவர்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தியதை நேரில் உறுதிசெய்த பிறகே வேலை. வீட்டு மெயின் சுவிட்சை அணைப்பதால் தெருக்கம்பி அணையாது. காய் பறிக்கும் இரும்புத் தோட்டியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

5. கருவியைத் துடைத்துச் சோதியுங்கள்

கம்பி வளையமும் ரப்பர் பட்டையும் சேர்ந்து மரத்தை நெருக்குவதால்தான் கருவி நிற்கிறது. உங்கள் எடை மிதியில் இறங்கும்போது வளையம் சாய்ந்து இறுகுகிறது. இந்த நெருக்கத்தைக் குறைக்கும் எதுவும் உங்களைக் கீழே இறக்கும்.

கம்பியை முழு நீளத்துக்கும் ஒரு பருத்தித் துணியால் பிடித்து மெதுவாக உருவுங்கள். துணியின் நூல் எங்காவது மாட்டினால் அங்கே கம்பி இழை அறுந்திருக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது, துணிக்குத் தெரியும். இழை அறுந்த கம்பியை மாற்றியே ஆக வேண்டும், சுற்றிக் கட்டிச் சமாளிக்க முடியாது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கம்பியை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். அங்கே வேலை செய்பவர்கள் இந்தச் சோதனையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது.

ரப்பர் பட்டை வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். தேய்ந்த ரப்பர் உலர்ந்த மரத்தில் பிடிக்கும், ஈர மரத்தில் பிடிக்காது. துருவுக்குப் பயந்து கம்பி முழுவதும் கிரீஸ் தடவுகிறவர்களைப் பார்க்கிறேன். மரத்தைத் தொடும் பகுதியிலும் ரப்பரிலும் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. நட்டு, போல்ட்டை ஸ்பானரால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். விரலால் திருகிப் பார்ப்பது சோதனை ஆகாது.

பெல்ட் கயிற்றை மடித்து மடித்துப் பாருங்கள். தையல் பிரிந்த இடம், வெயிலில் வெளுத்த இடம், கத்தி பட்ட இடம் இருந்தால் அது இனி பெல்ட் அல்ல. நைலான் கயிறு நனைந்தால் வலுவில் ஒரு பங்கு குறையும், நீளவும் செய்யும். பாலியெஸ்டருக்கு அந்தக் குறை கிடையாது. புதிதாக வாங்குகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.

6. கீழே நிற்பவரோடு பேசி முடியுங்கள்

மழைக்காலத்தில் தனியாக ஏறக் கூடாது. கீழே ஒருவர் வேண்டும். அவர் காய் பொறுக்க வந்த ஆள் மட்டும் அல்லர், உங்களைக் கீழே கொண்டுவரும் பொறுப்பும் அவருடையது. கருவியால் ஏறத் தெரிந்தவராக இருந்தால் மிக நல்லது. இன்னொரு கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஏறுவதற்கு முன் மூன்றைச் சொல்லி வையுங்கள். விசில் ஒன்று என்றால் காய் விழுகிறது, இரண்டு என்றால் இறங்குகிறேன், விடாமல் ஊதினால் உதவி. மழை இரைச்சலில் குரல் கேட்காது. அடுத்து, மரத்தின் பாதி உயரத்துக்காவது சுற்றிலும் தள்ளி நிற்க வேண்டும், மேலே வேலை முடிந்தது என்று விசில் வரும்வரை யாரும் காய் பொறுக்க உள்ளே வரக் கூடாது. நனைந்த காய்ந்த மட்டை இரண்டு மடங்கு கனக்கும்; காற்று அதை எங்கே கொண்டுபோடும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது, 108க்கு அழைத்தால் சொல்ல வேண்டிய அடையாளம்: ஊர், பக்கத்துக் கோயில் அல்லது சர்ச், வண்டி எதுவரை வரும் என்பது. நம் விளைகளுக்குள் போகும் வழி வெளியூர் ஓட்டுநருக்குத் தெரியாது. பதற்றத்தில் யாருக்கும் வழி சொல்ல வராது, முன்பே பேசி வைத்திருந்தால்தான் வரும்.

7. முதல் ஓர் ஆள் உயரம்

தலைக்கவசத்தையும் பெல்ட்டையும் முதலில் மாட்டுங்கள், பிறகு கருவியை. பலரும் கருவியில் ஏறி நின்றபின் பெல்ட்டைத் தேடுகிறார்கள்.

பெல்ட் கயிறு மரத்தைச் சுற்றிப் போக வேண்டும். கருவியில் மட்டும் மாட்டினால், கருவி வழுக்கும்போது பெல்ட்டும் அதனோடு வரும். மரத்தைச் சுற்றித் தளர்வாகப் போட்டாலும் பயனில்லை. தென்னையில் கிளை கிடையாது, கயிற்றை நிறுத்த எதுவும் இல்லை. ஈரத்தண்டில் வளையம் தரைவரை வழுக்கிக்கொண்டே வரும். எடை விழுந்தால் தானே இறுகும்படி சுருக்காகப் போட வேண்டும். உங்கள் நெஞ்சுக்குமேலே அது இருக்க வேண்டும்.

தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் மட்டும் ஏறி நில்லுங்கள். அங்கே உடம்பை மிதியில் இரண்டு மூன்று முறை அழுத்தி எழும்புங்கள். பிறகு முழு எடையையும் பெல்ட்டில் விட்டுப் பின்னால் சாயுங்கள். கருவி விரலளவு இறங்கி நின்றால் சரி. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இறங்கிக்கொண்டே போனால் இறங்கி, மரத்தை மறுபடி துடைத்து, வளையத்தை ஒரு துளை இறுக்கி, மீண்டும் சோதியுங்கள். இங்கே வழுக்கினால் முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். மேலே வழுக்கினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

8. ஏற்றம்

உலர்ந்த மரத்தில் எடுக்கும் அடியில் பாதி எடுங்கள். மேல் கருவியை ஒரு சாண் உயர்த்துங்கள், எடையை ஏற்றி அது கடித்ததை உணருங்கள், பிறகு கீழ்க் கருவியை இழுங்கள். நீண்ட அடி எடுத்தால் ஒரு கால் காற்றில் இருக்கும் நேரம் கூடுகிறது. அந்த நேரத்தில் ஒரே ஒரு வளையம்தான் உங்களைத் தாங்குகிறது.

ஒவ்வொரு அடிக்கும் முன்பு தலைக்குமேல் இருக்கும் ஒரு முழத்தைச் சாக்கால் துடைத்துக்கொண்டே போங்கள். சாக்கு நனைந்து ஊறியதும் இரண்டாவதை எடுங்கள். ஊறிய சாக்கு பாசியைக் குழைத்துப் பூசும்.

தண்டு மேலே போகப் போக மெலிகிறது. அடியில் அளவாக இருந்த வளையம் பாதி மரத்தில் தொளதொளக்கும். வளையம் தளர்ந்தால் மிதி முன்பக்கமாகச் சரிந்து கால் கீழ்நோக்கிச் சாயும். கணுக்கால் வலிக்கத் தொடங்கினாலே வளையம் தளர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட்டில் சாய்ந்து நின்று, ஒரு நேரத்தில் ஒரு கருவியை மட்டும் இறுக்குங்கள். இரண்டையும் ஒன்றாகத் தளர்த்திய ஒருவரைக் கீழே நின்று பார்க்க நேர்ந்தது. பெல்ட் சுருக்காகப் போடப்பட்டிருந்ததால் அவர் தொங்கினார், விழவில்லை.

காலில் திளாப்பு எனும் கயிற்று வளையம் மாட்டி ஏறும் பெரியவர்களைப் பார்த்து, மழையில் அதுவே சுலபம் என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய பாதத்தின் தோலும் விரல் பிடியும் இளமையிலிருந்து உருவானவை. அந்தத் திறமைக்கு முன் நான் கை கூப்புகிறேன். ஆனால் அதை ஒரு மழைக்காலத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

9. மண்டையில் வேலை

மழைக்காலத்தில் கருவியை விட்டு மண்டைக்குள் ஏற வேண்டாம். மண்டைக்குக் கீழே, குலைகள் கைக்கெட்டும் இடத்தில் நின்று அங்கிருந்தே வெட்டுங்கள். கருவியிலிருந்து மட்டைக்கு மாறும் அந்த ஒரு நொடியில் கால் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் இருக்கும், பெல்ட்டும் கழன்றிருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் பெல்ட் கயிற்றை உயர்த்தி இறுக்குங்கள். கத்தியின் முதுகால் மட்டை அடியில் நாலு முறை தட்டிவிட்டு, கொஞ்சம் காத்திருங்கள். மழைக்குப் பயந்து பன்னாடைக்குள் ஒதுங்கும் எலியும் தேளும் பாம்பும் வெளியே வர அவற்றுக்கு நேரம் கொடுங்கள்.

பிடிக்கும் மட்டையைத் தேர்ந்து பிடியுங்கள். கீழ் வரிசையில் பழுத்துத் தொங்கும் மட்டையின் அடி மழையில் ஊறி இற்றிருக்கும், பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் கையோடு வரும். காய்ந்ததை முதலில் வெட்டித் தள்ளிவிட்டு, பச்சை மட்டையை அதன் அடியோடு சேர்த்துப் பிடியுங்கள். அப்போதும் அது சமநிலைக்கு மட்டும்தான், உங்கள் எடையைக் கருவியும் பெல்ட்டும் தாங்க வேண்டும்.

கத்தியைச் சரடால் கட்டியிருக்க வேண்டும். ஈரக் கையிலிருந்து கத்தி நழுவும் என்று எண்ணியே வேலை செய்யுங்கள். ஒவ்வொரு குலைக்கும் முன்பு கையையும் பிடியையும் பையிலிருக்கும் துணியால் துடையுங்கள். வெட்டு உங்கள் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகப் போகட்டும். பெல்ட் கயிறு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகு கத்தியை ஓங்குங்கள். ஓட்டு வீட்டின் பக்கம் இருக்கும் குலையைக் கயிறு கட்டி இறக்குங்கள்.

மேலே போனபின் ஒரு நிமிடம் குருத்தையும் பாருங்கள். நடுக்குருத்து வாடி, இழுத்தால் கெட்ட நாற்றத்தோடு கையில் வந்தால் குருத்தழுகல். மழைக்காலத்தில் பரவும் பூசண நோய் அது. அழுகிய பகுதியை முழுவதும் செதுக்கி எடுத்து, 10 சதவீத போர்டோ பசையைத் தடவி, புதுக்குருத்து வரும்வரை மழைத்தண்ணீர் இறங்காமல் மூடிவைக்க வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் சேர்த்தால் பசை கிடைக்கும். இரும்புப் பாத்திரம் கூடாது. இந்த வேலைக்கு மண்டைக்குள் போக வேண்டியிருக்கும். ஆகவே வீட்டுக்காரரிடம் நோயைச் சொல்லிவிட்டு, மழை வெறித்த நாளில் தனியாக வாருங்கள். நோயுள்ள மரத்தில் பட்ட கத்தியைக் கழுவித் துடைக்காமல் அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

10. குளிர் உடம்பில் ஏறினால்

நம் ஊரில் குளிர் ஏது என்று கேட்பார்கள். தரையில் நிற்பவருக்கு இல்லைதான். நனைந்த சட்டையோடு உயரத்தில் காற்றில் நிற்பவருக்கு உண்டு. தண்ணீர் உடம்புச் சூட்டை காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுக்கும். காற்று அந்த ஈரத்தை உலர்த்தும்போது இன்னும் சூடு போகும். மாறாமலை, கீரிப்பாறை போன்ற மலைத் தோட்டங்களில் மார்கழிக் காலையில் மரமேறுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் பாதிக்கப்படுவது விரல்கள். உடம்பு தன் உள்ளுறுப்புகளைக் காக்க விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. விரல் மரத்துப்போனால் கொக்கி பூட்டியதா இல்லையா என்று கைக்குத் தெரியாது. இது மெதுவாக வருவதால் ஏறுகிறவருக்கே புலப்படுவதில்லை. அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள்: கட்டைவிரல் நுனியால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். தடுமாறாமல் தொட முடிந்தால் ஏறலாம். முடியாவிட்டால் அடுத்த மரம் இல்லை.

அப்போது நனைந்த பனியனைக் கழற்றி, துடைத்து, உலர்ந்ததைப் போடுங்கள். ஈரத்துணிக்கு மேல் போர்த்துவது பயன் தராது. சுக்குக்காப்பியோ சூடான கஞ்சியோ குடியுங்கள். கையை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். நடுக்கம் நிற்கும்வரை உட்காருங்கள்.

குளிருக்கு ஒரு மடக்கு என்று மதுவை நீட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடாக இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் உடம்புச் சூடு வேகமாக வெளியேறும். நிதானமும் போய்விடும். குடித்த ஆளை மரத்தடிக்கே வரவிடாதீர்கள், கீழே நிற்கும் வேலைக்கும் வேண்டாம்.

எண்ணிக்கையையும் குறையுங்கள். கோடையில் ஏறும் அத்தனை மரத்தை மழையில் ஏற முடியாது. கூலி மரத்துக்கு இவ்வளவு என்று இருப்பதால் இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். மழைக்கால வேலைக்கு மரத்துக்குச் சற்றுக் கூட்டிக் கேளுங்கள். துடைத்துத் தேய்த்து ஏறுவதைக் கண்ணால் பார்க்கும் வீட்டுக்காரர் பெரும்பாலும் மறுப்பதில்லை.

11. இறக்கம்

நான் பார்த்த வழுக்கல்களில் அதிகம் இறங்கும்போது நடந்தவை. வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம், களைப்பு, கருத்து வரும் வானம் எல்லாம் சேர்ந்து அவசரப்படுத்துகின்றன. ஏறும்போது கண் மரத்தில் இருக்கும், இறங்கும்போது கால் குருடாகத் தேடுகிறது.

வேலை முடிந்ததும் கத்தியை உறைக்குள் போட்டு, ஐந்து மூச்சு நின்று, பிறகு தொடங்குங்கள். ஏறியதைவிடச் சிறிய அடியாக, கீழ்க் கருவி முதலில், மேல் கருவி பிறகு. பெல்ட் கயிற்றை ஒவ்வொரு முறையும் கையால் இறக்க வேண்டும், அது தானாக வராது.

மேலே இறுக்கிய வளையம் இறங்க இறங்கத் தடித்த தண்டில் சிக்கும். சிக்கினால் உதைத்து இறக்காதீர்கள். உதைத்தால் சட்டென்று விடுபட்டு ஒரு முழம் வழுக்கும். பெல்ட்டில் சாய்ந்து, ஒரு துளை தளர்த்தி, எடையை ஏற்றிச் சோதித்து, தொடருங்கள். நீங்கள் துடைத்துக்கொண்டு ஏறிய பக்கத்திலேயே இறங்க வேண்டும். மண்டையில் வேலை செய்யும்போது மரத்தைச் சுற்றித் திரும்பியிருந்தால், பழைய பக்கத்துக்கு வந்த பிறகு இறங்கத் தொடங்குங்கள்.

இடையில் மழை பிடித்தால் அவசரப்பட்டு இறங்குவதைவிட, இடி இல்லாதவரை, பெல்ட்டை இறுக்கி அங்கேயே நிற்பது மேல். முதல் சில நிமிட மழையில்தான் தண்டிலிருக்கும் தூசியும் பாசியும் குழைந்து மிகவும் வழுக்கும். கொஞ்சம் கழுவிப் போனபின் மெதுவாக இறங்கலாம்.

கால் தரையைத் தொட்ட பிறகும் பெல்ட்டைக் கழற்றாமல் கருவியை விட்டு வெளியே வாருங்கள். அடிமரத்து வேர்முண்டில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்குகிறவர்கள் பலர்.

12. ஒருவர் பெல்ட்டில் தொங்கிவிட்டால்

பெல்ட் காப்பாற்றியது, மெதுவாக இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அசையாமல் தொங்கும் உடம்பில் தொடைப் பட்டை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், உயிருக்கும் ஆபத்து உண்டு. தொங்குபவர் நினைவோடு இருந்தால் காலால் மரத்தை உதைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். முட்டியை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். இன்னொருவர் இரண்டாவது கருவியோடு ஏறி, அவர் காலை மிதியில் வைக்க உதவ வேண்டும். அதற்கு முன்பே 108க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் அழைத்திருக்க வேண்டும்.

தரையில் விழுந்தவரைத் தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைப்பதும், தண்ணீர் கொடுப்பதும் நம் ஊரில் உடனே நடக்கும். அன்பால் செய்வதுதான், ஆனால் முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கலில் வாழ்நாளுக்கும் கால் போய்விடும். தலையையும் கழுத்தையும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஈரம்படாமல் மேலே ஏதாவது போர்த்துங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும். வண்டி விளைக்குள் வராது என்றால் கதவுப் பலகையில் கிடத்தி, உடம்பு முறுக்காமல் ஒரே சீராகத் தூக்குங்கள்.

தென்னை ஏறுகிறவர்களுக்கென்று தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடு இருக்கிறது. மழைக்காலம் தொடங்குமுன் புதுப்பித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

13. வேலை முடிந்த அன்று மாலை

கருவியைச் சேற்றோடு மூலையில் சாத்தினால் மறுநாள் காலையில் ஐந்தாவது படியில் சொன்ன சோதனைக்கு நேரம் இருக்காது. அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, கம்பியைத் துணியால் உலரத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ரப்பரில் ஒட்டிய பாசியைத் தூரிகையால் எடுங்கள்.

பெல்ட்டையும் கயிற்றையும் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், இழையும் சீக்கிரம் கெடும். அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதும் கூடாது. உலராமல் சாக்குப் பைக்குள் திணித்தால் பூசணம் பிடிக்கும், எலியும் கடிக்கும். மழை விடாத வாரத்தில் ஒரே இரவில் கயிறு காயாது. மாற்றுக் கயிறு ஒன்று வைத்திருந்து, ஒன்றை உலர்த்தும்போது மற்றதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு சிறிய நோட்டில் அன்று ஏறாமல் விட்ட மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த வீடு, எந்த மூலை, என்ன காரணம். வேர் தூக்கியது, வண்டு விழுந்தது, கடந்தைக் கூடு, கம்பி உரசுவது என்று எழுதி வைத்தால் அடுத்த வெட்டுக்கு உங்களுக்குப் பதிலாக வேறொருவர் போனாலும் அந்த மரத்தடியில் அவர் கருவியை மாட்ட மாட்டார்.